சோப்பில் செதுக்கிய திமிங்கலப் பல்

தீவு நகரமான லம்பாசாவின் சந்தையில் தோரிகா கடை போட்டிருந்த வரைக்கும், மீன் வாங்க வருகிறவர்கள் அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்கவே பயப்படுவார்கள். "இன்னிக்குப் பிடிச்சதா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

"இல்லம்மா, நேத்து சாயங்காலம் பிடிச்சது. ராத்திரி பூரா ஐஸ்ல கெடந்துது. கண்ணைப் பாரு, மங்கிப்போச்சு. வறுக்கறதுன்னா எடு. குழம்புக்கு வேணாம்."

பக்கத்துக் கடையில் வெண்டைக்காய் விற்கும் ராஜ்மதி தலையில் அடித்துக்கொள்வாள்.

"அக்கா, கண்ணைப் பத்தி உன்னை யாரு கேட்டா?"

"அவதான் கேட்டாளே."

"அவ மீனைக் கேட்டா."

"கண்ணு இல்லாமயா மீனு இருக்கு?"

இதைக் கேட்டுவிட்டு தோரிகாவை ஏதோ புண்ணியவதி என்று நினைத்துக்கொண்டால் ஏமாந்து போவீர்கள். அந்தச் சந்தையிலேயே பெரிய புளுகி அவள்தான். என்ன, சனிக்கிழமைகளில் மட்டும் புளுகுவாள். அதுவும் நெதானி என்ற ஒரே ஒரு ஆளிடம். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பொய்யையெல்லாம் அவன் தலையில் கொட்டிவிடுவதால் மற்றவர்களுக்குக் கொடுக்க அவளிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

நெதானி அவளுக்கு தௌவு, அதாவது கேலி முறை உள்ள ஊர்க்காரன். தோரிகாவின் ஊர் கடலோரத்து வுனிதோவா. நெதானியின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், நாசலியா. இரண்டு ஊரின் ஆதி தெய்வங்களும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி. யார் அண்ணன், யார் தம்பி என்பதுதான் இன்று வரை தீரவில்லை. அதனால் இந்த ஊர்க்காரர் அந்த ஊர்க்காரரைக் கண்டால் வாய்க்கு வந்தபடி திட்டலாம், பொய் சொல்லலாம், கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். கேட்க ஆள் கிடையாது. கோபப்படுவதுதான் குற்றம். முகம் சுளித்தவனை இரண்டு ஊரும் சேர்ந்து வருடக்கணக்கில் கேலி செய்யும்.

சிறு பிள்ளையாக இருந்தபோது தோரிகாவுக்கு இது பிடிபடவில்லை. தேங்காய்ப்பால் சட்டியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டதற்கு அம்மாவிடம் செம உதை வாங்கினாள். அதே நாள் மத்தியானம் நாசலியாக்காரர்கள் லாரியில் வந்து இறங்க, அடுப்பில் பானை பானையாகச் சேம்பு வெந்துகொண்டிருக்க, அதே அம்மா, "எங்க வீட்டுல கல்லைத்தான் வேக வெச்சிருக்கு, தின்னுட்டுப் போங்க" என்று கூசாமல் சொன்னாள். ஊரே சிரித்தது. அட, இப்படியா சங்கதி என்று குஷியான தோரிகா, மறுநாள் பாதிரியாரிடம் போய், அவர் மாடு கிணற்றில் விழுந்துவிட்டது என்று சொன்னாள். அதற்கு முந்தினதை விடப் பெரிய உதை. பொய்க்கு ஒரு வேலி இருக்கிறது, அதற்கு உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் துள்ளலாம், வெளியே ஒரு அடி வைக்கக் கூடாது என்று அவளுக்கு முதுகு வழியாகத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு மறக்கவேயில்லை.

கல்யாணம் உள்ளூரிலேயே நடந்தது. ஜோனே நல்லவன், அதிகம் பேசாதவன். சர்க்கரை நோய் வந்து காலை எடுத்தார்கள், அப்புறம் ஆளையே கொண்டுபோய்விட்டது. சவத்தைப் பாயில் கிடத்தியிருந்தபோது நாசலியாவிலிருந்து நெதானி வந்தான். வந்தவன் அழவில்லை. ஜோனேவின் தலைமாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து சவத்தை அதட்ட ஆரம்பித்தான்.

"யோவ், எழுந்திரு. இன்னிக்கு பாத்திரம் கழுவுற முறை உன்னுது. அதுக்கு பயந்துக்கிட்டு இவ்வளவு பெரிய நடிப்பா? உங்க ஊர்க்காரங்களோட இதே ரோதனை!"

மூன்று நாளாகத் தண்ணீர் கூட இறங்காத தோரிகாவின் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்த வேகத்தில்தான் அவளுக்கு அழுகையும் ஒழுங்காக வந்தது. அன்று அவன் மட்டும் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் தானும் அந்தப் பாயிலேயே படுத்திருப்போம் என்று பிற்பாடு ராஜ்மதியிடம் சொல்லியிருக்கிறாள். ராஜ்மதி அவள் தௌவு இல்லை. ஆகவே அது உண்மை.

மலையிலிருந்து சேம்பு ஏற்றிவரும் லாரி நெதானியுடையது. அவன் கட்டை பிரம்மச்சாரி. சனிக்கிழமை காலையில் அந்த லாரியின் ஹாரன் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டாலே சந்தையில் பாதிப் பேர் தோரிகாவின் கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

"ஏ தோரிகா! என் பொண்டாட்டி! எப்ப வீட்டுக்கு வர்றே?"

"எந்த வீட்டுக்கு? உங்க ஊர்ல வீடு கட்டத் தெரிஞ்சவன் எவன்? வௌவாலோட வௌவாலா மரத்துல தொங்குற கூட்டம்தானே நீங்க!"

"தொங்கினாலும் குளிச்சிட்டுத் தொங்குறோம். உங்காளுங்க கடல்லயே கெடந்தும் குளிச்சதில்லயே!"

"அண்ணன் ஊர்க்காரிகிட்ட மரியாதையா பேசுடா!"

"யாருடி அண்ணன்? நாங்கதான் அண்ணன்! பைபிள் மேல சத்தியமா சொல்றேன், உன்னை நெனச்சு ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல."

"எனக்கும்தான் தூக்கமில்ல. உங்க ஊர்ப் பக்கமிருந்து காத்து அடிச்சுது. நாத்தம் தாங்கல!"

இப்படி ஒரு மணி நேரம் ஓடும். அதற்குள் அவன், அவள் விற்க வைத்திருக்கும் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை, தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் சேம்புமாக, கேட்காமல் எடுத்துத் தின்றிருப்பான். அவள் அவன் தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கேட்காமல் பிடுங்கிப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை வியாபாரம் செய்வாள். பதினைந்து வருடம் இப்படியே போயிற்று.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை, ஹாரன் அடிக்காமல் லாரி வந்து நின்றது. நெதானி இறங்கினான். முகம் மழித்திருந்தான். தலையில் எண்ணெய். தொப்பி கையில் இருந்தது. நேராகத் தோரிகாவின் கடைக்கு வந்து பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தோரிகா, இதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

ராஜ்மதியின் கையிலிருந்த வெண்டைக்காய் கீழே கொட்டியது. எதிரே அன்னாசி சீவிக்கொண்டிருந்தவன் கத்தியை நிறுத்தினான். தௌவு என்றைக்காவது கேட்பானா? கேட்டால் அவன் அந்நியன் அல்லவா?

"தவேயூனித் தீவுல எங்க அண்ணன் லாரி ஓட்டக் கூப்பிடுறார்" என்றான் நெதானி. "புது வருஷம் பொறந்ததும் கப்பல் ஏறுறேன். நீயும் வா தோரிகா. கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போவோம். நிஜமாத்தான் சொல்றேன்."

தோரிகா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். ஆனால் சந்தை பார்த்துக்கொண்டிருந்தது. பதினைந்து வருடம் பழகிய நாக்கு அவளைக் கேட்டுக்கொண்டா பேசும்?

"நிஜமாவா? அப்ப எனக்கு கப்பல்ல மெத்தை போட்டு வை. உன்னை கீழ சரக்கோட கட்டிப் போட்டுக் கூட்டிட்டுப் போறேன்!"

சந்தை கொல்லென்று சிரித்தது. நெதானியும் சிரித்தான். ஆனால் ஒரு நொடி பிந்திச் சிரித்தான். பிறகு தொப்பியைத் தானே அவள் மேஜை மேல் வைத்துவிட்டு, பொட்டலம் எடுக்காமல் போய்விட்டான்.

அந்த ஒரு நொடி தோரிகாவைப் பிடித்து ஆட்டியது. அன்று மத்தியானம் ஒரு கிழவிக்கு மீனுக்குப் பதில் தொப்பியைக் கட்டிக் கொடுத்தாள்.

"ராஜ், அவன் நிஜமாத்தான் சொன்னானா?"

"என்னைக் கேட்டா? அவரைப் போய்க் கேளு."

"கேட்டா, 'நிஜமாத்தான்'னுவான். அவங்க ஊர் சர்ச்சுல திமிங்கலம் பூந்துடுச்சுன்னு சொன்னப்பவும் அதையேதான் சொன்னான்."

"சத்தியம் பண்ணச் சொல்லேன்."

"எந்த சத்தியத்தை ராஜ்? பைபிள், அம்மா, ரெண்டு கண்ணு, எல்லாத்து மேலயும் பொய் சத்தியம் பண்ணி முடிச்சாச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல. நானும் அப்படித்தான். உன் வீட்டுல இந்தத் தொல்லை இல்லல்ல?"

"என் வீட்டுல என்ன? அவர்கிட்ட நான் பொய்யே சொல்றதில்ல. அதனால பேச்சே இல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தோரிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஆள் எனக்கு வேண்டும் ராஜ், என்றாள். இவ்வளவு நாள் தெரியவில்லை, அந்தப் பொட்டலத்தை அவன் எடுக்காமல் போனபோது தெரிந்துவிட்டது.

"அப்ப தம்புவா கொண்டு வரட்டும்" என்றாள் ராஜ்மதி. "அதுல யாரும் விளையாட மாட்டீங்கதானே?"

தம்புவா என்றால் கயிறு கோத்த திமிங்கலப் பல். பெண் கேட்பதானாலும் மன்னிப்புக் கேட்பதானாலும் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேசுகிற பேச்சில் விளையாட்டுக்கு இடமே கிடையாது. தௌவுக்குக்கூட அங்கே வாய் அடைத்துவிடும். ராஜ்மதி கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் தோரிகா முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் காலரை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அதையும் நாங்க விட்டு வெக்கலயேடி!"

நடந்தது இதுதான். இரண்டு வருடம் முன்பு தோரிகாவின் அண்ணன் மகன் கல்யாணத்தில், நெதானி நாசலியாவின் சார்பாகத் தம்புவா கொண்டு வந்தான். மஞ்சள் பூசி, புகை காட்டி, பளபளவென்று இருந்தது. தோரிகாவின் பெரியப்பா எமோசி, வுனிதோவாவின் சார்பாகப் பேசுகிற பெரிய மனிதர், அதை வாங்கி முகர்ந்து, கண்ணை மூடி, முன்னோர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து நீண்ட உரை நிகழ்த்தினார். நடுவில் தூறல் போட்டது. பெரியப்பாவின் விரல் இடுக்கில் நுரை வந்தது. முழங்கை வரை வழிந்தது. பல் மெலிய ஆரம்பித்தது. அது துணி துவைக்கிற மஞ்சள் சோப்பு! கல்யாணக் கூட்டம் பாயில் உருண்டு உருண்டு சிரித்தது. மணப்பெண்ணுக்கு விக்கல் வந்துவிட்டது. பெரியப்பா கோபப்பட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பாதிரியார் மட்டும், "வேலியைத் தாண்டிட்டீங்களேப்பா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சோப்பைச் செதுக்கியவள் தோரிகா. மீன் வெட்டுகிற கத்தியால் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, வளைவு பிசகாமல் செதுக்கிக் கொடுத்திருந்தாள். இது ஊரில் யாருக்கும் தெரியாது. பழி முழுவதும் நெதானி தலையில் விழுந்தது. அவனும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை லாரி சந்தைக்கு வரவில்லை. "உங்க ஊருக்குப் போகுதாம்!" என்று அன்னாசிக்காரன் வந்து சொன்னான். தோரிகா ஒரு பொட்டலத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ராஜ்மதி வெண்டைக்காயைச் சாக்கால் மூடிவிட்டுக் கூடவே ஓடினாள். இப்படி ஒரு வேடிக்கையை விட்டுவிட்டு வெண்டைக்காய் விற்க அவளுக்கென்ன பைத்தியமா?

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நெதானி தன் சித்தப்பாவோடு ஊர் வாசலில் அப்போதுதான் இறங்கியிருந்தான். தௌவு வந்தால் எப்படி வரவேற்க வேண்டுமோ அப்படி வரவேற்றார்கள். மேலே இருந்து ஒரு வாளித் தண்ணீர். பக்கத்திலிருந்து ஒரு தட்டு மாவு. சித்தப்பாவின் செருப்பு ஒன்று கூரைக்குப் போயிற்று. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தபோது நெதானி முகமெல்லாம் மாவு அப்பி, இடுப்பில் கட்டிய சுலு சொட்டச் சொட்ட இருந்தான். அந்தக் கோலத்தில் பையிலிருந்து தம்புவாவை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினான்.

கூடம் அதிர்ந்தது.

"இந்தத் தடவை வாசனை சோப்பா?"

"பெரியப்பா, துணியெல்லாம் எடுத்துட்டு வரட்டுமா?"

"தோரிகாவைப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன்" என்றான் நெதானி. "பெரியப்பா, இது நிஜம்."

"நிஜமாம்!" என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பெரியப்பா எமோசி சிரிக்கவில்லை. நுரை வழிந்த முழங்கையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"வாளி கொண்டாங்க" என்றார்.

வாளி வந்தது. பல்லைத் தண்ணீரில் முக்கினார். தேங்காய் நாரால் தேய்த்தார். இன்னும் அழுத்துங்க, நுரை வரும், என்று கூட்டம் கூவியது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். நுரை வரவில்லை. நகத்தால் சுரண்டினார். நகம்தான் வலித்தது. தூக்கி எடைபார்த்தார். அவர் கை அப்படியே நின்றது. கூடத்தில் சிரிப்பு ஒவ்வொரு மூலையாக அணைந்தது.

"இது எங்க அண்ணி கல்யாணத்துக்கு வந்த பல்லு" என்றார் நெதானியின் சித்தப்பா மெல்ல. "இவன் அம்மாவோடது."

பெரியப்பா நாரைக் கீழே போட்டார். நிஜத் தம்புவாவை வாளியில் போட்டு நாரால் தேய்த்தவர் அந்தத் தீவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதைத் தன் நல்ல சட்டையால் துடைத்து, நெற்றியில் வைத்து, மன்னிப்புக் கேட்டார். பல்லிடம்தான். நெதானியிடம் எதற்குக் கேட்க வேண்டும்? அவன் தௌவு.

"கேட்டது எங்க காதுல விழுந்துது" என்றார். குரல் மாறியிருந்தது. "பதில் பொண்ணோடது."

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். தோரிகா பொட்டலமும் கையுமாக நின்றாள்.

"வர்றேன்" என்றாள்.

யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், கூடம் மறுபடி வெடித்தது. நெதானி மட்டும் சிரிக்காமல் அவளைப் பார்த்தான். பதினைந்து வருடமாக அவள் சொன்ன அத்தனை பொய்யும் அந்தப் பார்வையில் வரிசையாக நின்றது.

"நிஜமாவா?" என்றான்.

அவனிடமாவது ஒரு பல் இருந்தது. தன் பேச்சுக்கு ஜாமீன் சொல்ல இவளிடம் என்ன இருக்கிறது? அவனிடம் ஒரு உண்மைகூட அவள் பேசினதில்லையே. வாயைத் திறந்தாள். வந்தது அவளுடைய சனிக்கிழமைக் குரல் இல்லை, மற்ற ஆறு நாளின் குரல்.

"பாத்து வாங்கு. நான் நேத்தைய மீனு. வயசு நாப்பத்தஞ்சு. ராத்திரி கொறட்டை விடுவேன். ராஜ் வீட்டுல தங்கினப்ப நாய் எழுந்து குரைச்சுது, வேணும்னா கேளு. எடது முட்டி மழைக்கு முன்னாடியே வலிக்கும். தவேயூனியில மழை ஓயவே ஓயாதுங்கறாங்க, அப்ப கணக்குப் போட்டுக்கோ. கோவம் வந்தா பேச மாட்டேன். நீ என்ன கோமாளித்தனம் பண்ணினாலும் பேச மாட்டேன். ஜோனே நெனப்பு வரும். வந்தா அழுவேன். அப்ப நீ சிரிப்புக் காட்டக் கூடாது, சும்மா பக்கத்துல உக்காரணும்." மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு. பெரியப்பா, அந்த சோப்பை செதுக்கினது நான்தான். இவனை மட்டும் திட்டாதீங்க. இவ்வளவுதான் கொறை. மத்தபடி இத்தனை வருஷமா சனிக்கிழமை வரணும்னுதான் மத்த நாளெல்லாம் தள்ளிட்டு இருந்தேன். அது எனக்கே போன வாரம்தான் தெரியும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜ்மதிதான் முதலில் வாய் திறந்தாள். அழுதுகொண்டே கத்தினாள்.

"கொறையைச் சொல்லிட்டா! அப்ப நிஜம்தான்! இவ விக்கறதே அப்படித்தான்! வியாபாரம் முடிஞ்சுது, எல்லாரும் எழுந்திரிங்க!"

நெதானியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கி மாவோடு கலந்து பசையாகிவிட்டது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான்.

"எடுத்துக்கட்டுமா?"

தோரிகாவின் நாக்கு நுனியில் பதில்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றும் கூடத்தையே உருட்டக்கூடியது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"எடுத்துக்கோ" என்றாள்.

அவன் எடுத்துக்கொண்டான். பெரியப்பா எமோசி ஒரு கையில் தம்புவாவோடும் மறு கையில் வாளியோடும் நின்றுகொண்டிருந்தார். சோப்பைச் செதுக்கியவள் பெற்ற மகளுக்குச் சமானம், கொண்டு வந்தவன் தௌவு, கோபப்பட வழியில்லை. தம்புவாவைப் பத்திரமாகப் பாயில் வைத்துவிட்டு, வாளியை இரண்டு பேர் தலையிலும் கவிழ்த்தார்.